அப்பா பெயரைச் சரியாகச் சொன்ன ஆள்

எங்கள் சங்கத்தில் இந்த வருஷம் மலர் போடுகிறார்கள். பழைய கார் வாங்கி விற்கிற கடைக்கு எங்கள் பக்கத்தில் கன்சல்டிங் என்று பெயர். அந்தக் கடைக்காரர்கள் சேர்ந்த சங்கம். செயலாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“செல்வராசுண்ணே, ஆர்.சி. புக் இல்லாத வண்டிய வாங்கலாமா கூடாதான்னு உங்க அனுபவத்தை வெச்சு எழுதிக் குடுங்க. இப்பத் தொழிலுக்கு வர்றவங்க எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கறாங்க. நம்பரைத் தட்டுனா இன்சூரன்ஸ், டேக்ஸ் எல்லாம் வந்துருது. புக்கக் கையில வாங்கிப் பாக்கறதே இல்ல.”

“எட்டாவதோட நின்னவன் நான். எனக்கு எழுத வராதுங்க.”

“பேசற மாதிரி எழுதுங்க. பிழையிருந்தா நாங்க பாத்துக்கறோம். கூடவே ஒரு போட்டோ.”

“போட்டோ எதுக்குங்க?”

“மலருன்னா போட்டோ இல்லாமலா? நீங்க என்ன தலைமறைவாவா இருக்கீங்க?”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்னத்தையாவது கேள்விப்பட்டுத்தான் கேட்கிறாரோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இப்போது தொழிலில் இல்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

போனில் பார்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் பேரன் போனில் பார்த்தேன். ஓனர் பெயரில் ஓர் எழுத்தைக் காட்டி மிச்சத்துக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறது. முழுப் பெயரையே காட்டினாலும், அந்த ஓனர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அது காட்டாது.

நான் வேப்பந்தட்டைப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். எட்டாவது முழுப் பரீட்சைக்கு முன்னால் அப்பாவுக்குக் காலில் அடிபட்டது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பெரம்பலூரில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு வருஷம் கிரீஸும் மண்ணெண்ணெயுமாகப் போனது. பிறகு துறையூர் ரோட்டில் இருந்த பாய் கடைக்குக் கார் துடைக்க வந்தேன். வந்தவன் முப்பத்தோரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன்.

துடைக்க வந்த என்னை சேசிஸ் நம்பர் எடுக்க வைத்தவர் பாய்தான். ஒவ்வொரு வண்டியிலும் இரும்பில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, பென்சில் தூளைத் தடவி, செலோ டேப்பை ஒட்டி விரலால் அழுத்தி உரிக்க வேண்டும். நம்பர் அப்படியே டேப்பில் வந்துவிடும். அதைப் பாரத்தில் ஒட்டி, புக்கில் உள்ள நம்பரோடு ஓர் எழுத்து விடாமல் சரிபார்க்க வேண்டும். நான் இரண்டு தரம் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து திரும்பி வந்து மூன்றாம் தரமும் பார்த்திருக்கிறேன். கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். பாய் சிரிக்க மாட்டார். “பயப்படற ஆளுதான் இந்த வேலைக்கு வேணும்” என்பார்.

பாய் வண்டி வாங்குகிற விதமே தனி. யார் வண்டி கொண்டு வந்தாலும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார். “வாங்க, உக்காருங்க” என்று சேரைக் காட்டுவார். டீ சொல்வார். வாசலில் வண்டி எப்படி மின்னினாலும் அந்தப் பக்கம் கண்ணே போகாது. கையை நீட்டுவார். புக்கை அதில் வைக்க வேண்டும்.

புக்கைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். பைனான்ஸ் சீல் இருக்கிறதா, கேன்சல் ஆகியிருக்கிறதா, எத்தனை கை மாறியிருக்கிறது, எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் முதல் பக்கத்துக்கு வருவார். அதற்குள் டீ வந்துவிடும். விற்க வந்தவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது, புக்கிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்.

“அத்தாவுக்குப் பேரு என்ன தம்பி?”

அவர்கள் வழக்கத்தில் அப்பாவை அத்தா என்பார்கள். புக்கில் ஓனர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரும் இருக்கும். திருடின வண்டியைக் கொண்டு வருகிறவன் ஓனர் பெயரை மனப்பாடம் பண்ணியிருப்பான், நம்பரைப் பண்ணியிருப்பான், நிறத்தைப் பண்ணியிருப்பான். ஆனால் அந்த ஓனரின் அப்பா பெயரை யாராவது கேட்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டான். டீ தொண்டையில் நிற்கும். ஒருவன் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “மறந்துட்டேன் பாய்” என்றான்.

“அத்தா பேரையா?”

அவன் வண்டியை விட்டுவிட்டு ஓடியே போனான். பாய் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு, “டீய முழுசாக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம். பாவம்” என்றார்.

புக் இல்லாத வண்டி என்றால் டீயோடு சரி. ஒரு தரம் அவருடைய சொந்த மச்சான், புக் பைனான்ஸில் இருக்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லி நல்ல காரைக் கொண்டு வந்தார். வீட்டில் சண்டையாகி, பாயின் சம்சாரம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. ஆனாலும் பாய் வாங்கவில்லை. இந்தத் தொழிலில் புக் தொலைவது ஒன்றும் அதிசயமில்லை. அதற்கு வழியும் இருக்கிறது. ஸ்டேஷனில் மனு கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதி வாங்கி, நோட்டரி வக்கீலிடம் அபிடவிட் போட்டு, ஆர்.டி.ஓ ஆபீஸில் கட்டினால் டூப்ளிகேட் புக் வரும். மற்ற கடைக்காரர்கள் புக் இல்லாத வண்டியைக் குறைந்த விலைக்கு எடுத்து இந்த வேலையையெல்லாம் தாங்களே செய்துகொள்வார்கள். “அந்த வேலைய ஓனரே முடிச்சு புக்கோட வரட்டும். தொலைச்சவரு வேற, வாங்கறவரு வேற” என்பார் பாய்.

அப்படிப்பட்டவர் ஹஜ்ஜுக்குப் போனார். நாற்பது நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “என்னால மனசுக்கு ஏதும் கஷ்டம் வந்திருந்தா மாப்பு குடுத்துரு” என்று கேட்டார். கார் துடைக்கிறவரிடமும் கேட்டார். என்னிடம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, “புக் இருந்தா வாங்கு. இல்லேன்னா டீ குடுத்து அனுப்பு. வேற ஒண்ணும் யோசிக்காத” என்றார்.

அவர் போய் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஓர் ஆம்னி வந்தது. வெள்ளை நிறம். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த ஆம்னியை நான் பார்த்ததில்லை. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், நல்ல உயரம். முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க, மடங்கி உட்கார்ந்து ஓட்டி வந்தார். சீட் அவ்வளவு முன்னால் இழுத்துக் கிடந்தது. தலையில் மொட்டை போட்டு முடி விரற்கடை வளர்ந்திருந்தது.

“திருமானூர்லேருந்து வரேங்க. பேரு ராஜேந்திரன். வண்டி என்னோடதுதான். புக்கு பஸ்ஸுல பையோட தொலைஞ்சு போச்சு. லைசென்சும் அதுலதான் இருந்துச்சு. இன்சூரன்ஸ் காயிதம் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு.”

நான் டீ சொன்னேன். கொடுத்து அனுப்பிவிடத்தான் நினைத்தேன்.

எங்கள் கடையில் சேகர் என்று ஒருவர் இருந்தார். ஆள் பிடித்து வந்து வியாபாரம் முடிக்கிறவர். வேப்பந்தட்டை முத்துசாமி என்ற விவசாயி ஓர் ஆம்னி வேண்டும் என்று மூன்று மாதமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சேகர் என்னை உள்ளே கூப்பிட்டுப் போனார்.

“அண்ணே, பார்ட்டி ரெடியா இருக்கு. டூப்ளிகேட் போட இருவது நாளு ஆவுமா? போட்டுரலாம்.”

“பாய் வேணாம்னு சொல்லியிருக்காரு.”

“பாய் என்ன சொன்னாலும் நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்க. சாமி கும்புடப் போனாலே செருப்புக்குப் பயப்படற ஆளு. ஒண்ணு செய்யுங்க, பாய் வர்ற வரைக்கும் கடையச் சாத்திட்டு வூட்டுக்குப் போயி கதவத் தாப்பா போட்டுக்கிட்டு உக்காருங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கமான கேலிதான். அன்றைக்கு மட்டும் ஏனோ எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் பயந்தது போதும், ஒரு வியாபாரத்தை நானே முடிவு பண்ணினால் என்ன என்று தோன்றியது. அப்படியும் சோதிக்காமல் விடவில்லை. முன்னால் வந்து பாய் சேரில் உட்கார்ந்தேன். டீ வந்தது. வண்டி கொண்டு வந்தவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபோது கேட்டேன்.

“அப்பா பேரு என்னங்க?”

“கலியபெருமாள்.”

கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. இன்சூரன்ஸ் காகிதத்தைப் பார்த்தேன். ராஜேந்திரன், தகப்பனார் கலியபெருமாள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் கலியபெருமாள், அவர் போட்டோ, உள்ளே ராஜேந்திரன் பெயர். கீழே குமரேசன் என்று இன்னொரு பெயர்.

“இது யாரு?”

“கூடப் பொறந்தவன்.”

சேசிஸ் நம்பர் எடுத்தேன். இன்சூரன்ஸோடு ஒத்துப்போனது. எனக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. பேச்சுக் கொடுத்தேன்.

“மொட்டை, சமயபுரங்களா?”

“ஆமாங்க, வேண்டுதல்.”

“சீட்டு ஏங்க இவ்ளோ முன்னாடி கெடக்குது?”

“வூட்ல புள்ளைங்க இழுத்து விட்டுருச்சுங்க.”

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஏறினால் நாலு மொட்டையாவது இருக்கும். எல்லாம் சமயபுரத்து மொட்டைதான். அது கருமாதி மொட்டையாக இருக்கலாம் என்று, எதையெதையோ நினைத்துப் பயப்படுகிற எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு எல்லா வேலையும் முறையாக நடந்தது. முறையாக என்று ஏன் சொல்கிறேன் என்றால் எந்த ஆபீஸ் மேலும் குற்றமில்லை. நாங்கள் கொண்டுபோனதை அவர்கள் நம்பினார்கள். மனு நான்தான் எழுதினேன். சான்று வந்தது. நோட்டரி வக்கீலிடம் போனோம். அபிடவிட்டில் கடைசியாக ஒரு வரி உண்டு. மேற்படி நபரை நான் நன்கு அறிவேன் என்று, அந்த ஆளைத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொழிலில் அதைக் கடை ஆளே போட்டுவிடுவது வழக்கம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். அந்த ஆளை எனக்கு ஆறு நாளாகத்தான் தெரியும். நன்கு அறிவேன் என்பதன் கீழே முழுக் கையெழுத்துப் போட்டு, வீட்டு விலாசத்தையும் எழுதினேன்.

டூப்ளிகேட் புக் வந்தது. விற்பனைப் பாரங்களில் அவர் ராஜேந்திரன் என்று கையெழுத்துப் போட்டார். முத்துசாமி குடும்பத்தோடு வந்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கி ஓட்டிப் போனார். சேகர் என் தோளில் தட்டி, “இப்பத்தாண்ணே நீங்க ஏவாரி” என்றார். அன்றைக்கு ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். எனக்கு அப்படி நடப்பதில்லை.

பாய் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியான வெயிலில் ஓர் அம்மா கடை வாசலில் வந்து நின்றார். வரிசையாக நின்ற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டையான உருவம். கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்றை மடித்துப் பிடித்திருந்தார். சேகர் சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

“சார், இங்க வெள்ள ஆம்னி ஒண்ணு வந்துச்சுங்களா? திருமானூரு வண்டி.”

“நீங்க யாரும்மா?”

“எம் பேரு தனலட்சுமிங்க. ராஜேந்திரன் சம்சாரம்.”

“வாங்கம்மா, உக்காருங்க. அவரு வரலீங்களா?”

அந்த அம்மா சேரில் உட்கார்ந்தார்.

“அவரு மாசி மாசமே தவறிட்டாருங்களே சார். சுண்ணாம்புக்கல் கொவாரில வேல பாத்தாரு. அங்கயே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. கொள்ளி வெச்சதே எங் கொழுந்தன் குமரேசன்தான்.”

பைக்குள்ளிருந்து புக்கை எடுத்து மேஜையில் வைத்தார். ஆர்.சி. புக். அசல். நான் தொடவில்லை. தொடாமலே முதல் பக்கம் எனக்குத் தெரிந்தது. ராஜேந்திரன், தகப்பனார் கலியபெருமாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்பா ஒருவர்தான். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். புருஷன் இருக்கும்போதே கொள்ளிடக் கரையில் மணல் பாதையில் வைத்து இந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தாராம். கால் எட்டாது என்று சீட்டை முழுக்க முன்னால் தள்ளி வைப்பாராம். “நான் கொவாரிக்குப் போறேன், நீ பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்க” என்பாராம். லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மறுமாதம் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த அன்று குமரேசன் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான். பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்றானாம்.

“அன்னிக்கே புக்க எடுத்து அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன் சார். சாவி அவன்கிட்ட இருக்கட்டும், புக்கு இல்லாம யாரும் வாங்க மாட்டாங்கன்னு. வூட்டையே பொரட்டிப் போட்டுத் தேடுனான். குடுக்கவே இல்லையே நானு.”

சொல்லும்போது லேசாகச் சிரித்தார். தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள எட்டு வீட்டில் பேசி வைத்திருந்தாராம். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறதாம். புது லைசென்ஸையும் எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

“வண்டிய பெரம்பலூருல வித்துட்டேன்னு சொல்றான். நம்பல. காலையிலேருந்து ஒவ்வொரு கடையா ஏறி எறங்கறேன். புக்கு இல்லாம எப்படிங்க விப்பான்?”

“டூப்ளிகேட் போட்டிருக்காங்கம்மா” என்றேன். “உங்க கொழுந்தனாரு, தான்தான் ராஜேந்திரன்னு சொல்லிட்டாரு. நாங்களும் நம்பிட்டோம்.”

அவர் அழவில்லை. புக்கைத் திருப்பித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இதையும் அவரு எறப்புச் சான்றையும் கொண்டுபோயி ஸ்டேஷன்ல குடுத்தா வண்டி எனக்கு வந்துருமா சார்?”

வந்துவிடும். அதுதான் பதில். அசல் புக் இருக்கிறது, இறப்புச் சான்று இருக்கிறது, செத்த பிறகு போட்ட கையெழுத்து இருக்கிறது. இதைவிடத் தெளிவான கேஸ் கிடையாது. நாளாகும், ஆனால் வந்துவிடும். முத்துசாமிக்கு நாங்கள் வேறு வண்டி கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரிந்த தொழில் அது. எனக்குத் தெரியாததை அவர் கேட்கவில்லை.

ஆனால் என் கண்ணுக்கு முன்னால் அந்த வரிதான் நின்றது. மேற்படி நபரை நான் நன்கு அறிவேன். கீழே என் கையெழுத்து, என் வீட்டு விலாசம். என் சின்ன மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்பது எனக்கு அப்படியே தெரிந்தது. பாய் ஹஜ்ஜில் இருக்கும்போது கடைப் பெயர் கெடக் கூடாது என்றும் நினைத்தேன். அது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

நான் பேசினேன். அவ்வளவு பதமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

“ஸ்டேஷன்னா சும்மா இல்லம்மா. கேஸுன்னா வண்டிய எடுத்துட்டு வந்து ஸ்டேஷன் வாசல்ல போட்டுருவாங்க. வெயில்லயும் மழையிலயும் கெடந்து துருப்புடிச்சுப் போயிரும். கோர்ட்டு, வாய்தா, எத்தன வருசம் ஆவுமோ. கொழுந்தனாரு உள்ள போனா உங்க மாமனாரு மாமியாரு சும்மா இருப்பாங்களா? ஒரே வூட்டுலதான இருக்கீங்க? ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்கம்மா போவீங்க?”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மா கண்டுபிடித்திருப்பார். எல்லாம் அவருக்கே இருந்த பயங்கள்தான். ஆயுசு முழுக்கப் பயந்தவனுக்கு அடுத்தவர் பயம் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“அப்ப இந்தப் புக்கு?”

“இனிமே அது செல்லாதும்மா. புதுசு போட்டாச்சு.”

இது பொய்.

புக்கை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “நீங்க சொல்றதும் சரிதான் சார்” என்றார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. டீ மட்டும் பாதி குடித்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். எதற்குப் போனேன் என்றால், அவர் வேறு எங்கேயும் போகாமல் அரியலூர் பஸ்ஸில்தான் ஏறுகிறார் என்று பார்ப்பதற்கு. பஸ் கிளம்பும்போது, அந்தப் புக்கை இங்கேயே கொடுத்துவிட்டுப் போகலாமே என்றேன். கொடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று பட்டது.

“செல்லாட்டிப் போவுதுங்க. அவரு பேரு எழுதியிருக்குல்ல.”

பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாய் வந்தார். எல்லாருக்கும் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். கடை எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லபடியா இருந்துச்சு பாய் என்றேன். பத்து நாள் கழித்துப் பைல்களைப் புரட்டும்போது ஆம்னி பைல் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தார்.

“புக் தொலைஞ்ச வண்டியா?”

“ஆமா பாய். எல்லாம் கேட்டுத்தான் வாங்குனேன். அப்பா பேருகூடக் கேட்டேன். டக்குனு சொல்லிட்டாரு.”

பாய் ரேஷன் கார்டு ஜெராக்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்த இரண்டு பெயரிலும் விரல் வைத்தார்.

“அத்தா பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானப்பா. இது ராஜேந்திரன்தான்னு உனக்குத் தெரியுமா?”

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். பாய்க்குத் தெரிந்தால் அன்றைக்கே திருமானூருக்குக் கார் எடுத்திருப்பார்.

“அவருதான் பாய். நல்லாத் தெரியும்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பைலைக் கட்டி உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் கடையில், புக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்க வருகிறவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசாமல் வண்டி வாங்கினதில்லை. போன் போடுகிற வேலையைப் பாய் சேகரிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. சேசிஸ் நம்பர் மட்டும் நான் எடுத்தேன். பாய் மவுத்தாகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்து கேட்கவில்லையா, தெரியாமல் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது.

முத்துசாமி வருஷா வருஷம் இன்சூரன்ஸ் போட அந்த ஆம்னியைக் கொண்டு வருவார். நல்ல மனுஷர், முந்திரிக்கொட்டை ஒரு பை கொடுப்பார். ஒவ்வொரு தரமும் வண்டி கொஞ்சம் பழசாகியிருக்கும். நான் பின்பக்கம் போய் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலையை விட்டு நின்ற பிறகு, போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போயிருந்தேன். மண்டபத்துக்கு நடந்து போகும்போது ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. டிரைவர் கீழே இறங்கிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். வேன் கதவருகே நீல ஓவர்கோட் போட்ட ஆயா ஒருவர் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டையான உருவம். தலை பாதி நரைத்திருந்தது. நான் கடந்துபோகப் பார்த்தேன்.

“சார், பெரம்பலூரு சார்தான நீங்க?”

நின்றேன்.

“என்னயத் தெரியலீங்களா? திருமானூரு. ஆம்னி.”

“தெரியுதும்மா. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். பெரியவளக் கட்டிக் குடுத்துட்டேன். சின்னவ நர்சிங் படிக்கிறா. இந்த ஸ்கூல்ல ஆயா வேல. பத்து வருசமாவுது.”

வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “வண்டி ஓட்டறதில்லீங்களா?”

“அதெல்லாம் எப்பவோ மறந்து போச்சு சார். லைசென்சும் முடிஞ்சிருச்சு. எந்த வண்டிய ஓட்டுறது?”

டிரைவர் வந்து ஏறிக்கொண்டு, “ஆயா, ஏறும்மா, நேரமாவுது” என்றார். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டிரைவரிடம் திரும்பி, “தம்பி, சார நல்லாப் பாத்துக்க. எங்க வூட்டுக்காரரு போனப்ப எனக்கு ஒருத்தரும் ஒரு வழி சொல்லல. எல்லாரும் கேசு போடுன்னு தூண்டி விட்டாங்க. சார்தான் உக்கார வெச்சு எடுத்துச் சொல்லி, பஸ்ஸு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாரு. ஸ்டேஷனுக்குப் போயிருந்தா நானும் எம் புள்ளைங்களும் சீரழிஞ்சிருப்போம்” என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அந்த அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். பிறகு கதவருகே சீட் நுனியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பைகளை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டார். வேன் கிளம்பியது. நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

புக் இல்லாத வண்டியை வாங்கலாமா என்று செயலாளர் கேட்டிருந்தார். வாங்காதீர்கள். புக் தொலைந்துவிட்டது என்று யாராவது வந்தால், அது யார் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆளைத் தெரியாமல் நன்கு அறிவேன் என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

போட்டோ கொடுக்கவில்லை. அந்த அம்மாவின் பெயரையும் அவர் வீட்டார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்த மலர் நம் கடைகளுக்குள்தான் சுற்றும், திருமானூர் வரைக்கும் போகாது என்று செயலாளரிடம் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.